மூவருக்கு ஒரு சிம்

மே 11, ஞாயிறு

சனிக்கிழமை திருச்சியிலிருந்து விமானம். கோலாலம்பூரில் ஆறு நாள். நான், மனைவி வடிவு, மகள் நிலா. பெட்டி இன்னும் கட்டவில்லை, அதற்குள் போன் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது.

ஆளுக்கு ஒரு ரோமிங் பேக் போட்டுவிட வேண்டும் என்பது நிலாவின் கட்சி. நம் ஊர் நம்பரே அங்கும் வேலை செய்யுமாம். விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு இங்கே மூன்று பேரும் ஒரு வருடம் பேசலாம். அடுத்து இ-சிம் என்றாள். கார்டே கிடையாதாம், ஒரு கட்டத்தைப் படம் பிடித்தால் சிம் போனுக்குள் வந்துவிடுமாம். கண்ணால் பார்க்க முடியாத சிம்மை எப்படி நம்புவது? நல்லவேளை, எங்கள் மூன்று போன்களில் ஒன்றுகூட அதற்கு லாயக்கில்லை.

கடைசியில் நான் முடிவு செய்தேன். அங்கே இறங்கியதும் விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் ஒன்று, என் போனில். பழைய சிம் இரண்டாவது பொந்தில் கிடக்கட்டும், வங்கி ஓடிபி வர வேண்டும். மற்ற இருவரும் என் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டியது.

"நீங்க ஆஃப் பண்ணிட்டா நாங்க என்னப்பா செய்ய?" என்றாள் நிலா.

"நான் எதுக்கு ஆஃப் பண்ணுதேன்? எப்பவும் ஒண்ணாத்தான இருக்கப் போறோம்? ஆளுக்கொரு நம்பர் எதுக்கு?"

வடிவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஊர் தேர்ந்தெடுத்த கதையையும் எழுதிவிடுகிறேன். இலங்கை, தாய்லாந்து, மலேசியா என்று மூன்று பெயர் சொன்னேன். வடிவு பட்டென்று "மலேசியா" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் தனக்கு ஒரு சேலை நிறம்கூட வாய்திறந்து சொல்லாதவள். முப்பது வருடமாகப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். வெங்காயத்தை அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள்.

வடிவுக்கு பேச்சி என்று ஒரு தங்கை உண்டு. பதினான்கு வருடத்துக்கு முன் வேறு சாதியில் ஒருவனைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனாள். மூத்த மருமகன் என்ற முறையில் முன்னால் நின்று உறவை அறுத்தது நான்தான். எந்த நாடு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மே 13, செவ்வாய்

வடிவின் போனில் பூட்டு விழுந்திருக்கிறது. விரலால் கோடு போட்டால்தான் திறக்கிறது. கேட்டால், "நிலாதான் போட்டுக் குடுத்தா, வெளிநாட்டுல தொலைஞ்சுட்டா என்ன செய்ய?" என்கிறாள். இந்தத் தூத்துக்குடியில் தொலையாதா?

மே 17, சனி

வந்து சேர்ந்தோம். விமான நிலையத்தில் வெளியே வந்ததும் வரிசையாக சிம் கவுன்டர்கள். நாலு கடையிலும் விலை விசாரித்து, இருப்பதில் குறைந்ததைப் பிடித்தேன். ஏழு நாள், நெட் தாராளம், உள்ளூர் பேச்சுக்கு முப்பது நிமிடம். கவுன்டரில் இருந்தது தமிழ்ப் பெண். பாஸ்போர்ட்டைப் பார்த்து "சுடலைமுத்து" என்று பிழையில்லாமல் வாசித்தாள்.

"மூணு பேரு வந்திருக்கீங்க, ஒரு சிம் போதுமா அங்கிள்? ஃபேமிலி பிளான் இருக்கு. மூணா எடுத்தா மலிவு."

"நாங்க எப்பவும் ஒண்ணாத்தாம்மா இருப்போம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சிரித்தாள். விற்கத் தெரிந்த பெண்.

நான் வாங்கி முடிக்கும்வரை வடிவும் நிலாவும் கழிவறை போனவர்கள் வரவில்லை. இருபத்தைந்து நிமிடம். கேட்டால் கூட்டமாம். திரும்பி வந்த பிறகுதான் அவர்கள் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி என் இடுப்புப் பையில் வைத்தேன். என் புது நம்பரை இருவரும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எந்தப் போனிலிருந்து கூப்பிடப் போகிறார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

அறைக்கு இலவச வைஃபை உண்டு. பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திருடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். பாஸ்வேர்டு எழுதிய சீட்டு என்னிடமே இருக்கிறது.

மே 18, ஞாயிறு

இரட்டைக் கோபுரம் பார்த்தோம். கழுத்து வலி.

என் ஹாட்ஸ்பாட்டில் எத்தனை போன் ஒட்டியிருக்கிறது என்று திரையில் எண் காட்டும். காலையில் 2. நீரூற்றுப் பக்கம் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், அவர்கள் நடந்துபோனார்கள். தூரம் கூடியதும் எண் 0 ஆகிவிட்டது. ஆனால் நிலா போனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அதை வடிவிடம் நீட்டினாள். வடிவு வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சிரித்தாளா அழுதாளா என்று அங்கிருந்து தெரியவில்லை.

டிக்கெட் இல்லாத பயணி என்று என் மனதில் மணி அடித்துவிட்டது. எழுந்து போய்க் கேட்டேன்.

"பழைய போட்டோ பாத்தோம்ப்பா. அதுக்கு நெட்டு எதுக்கு?"

சரியான பதில்தான். சரியான பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களைத்தான் நான் இரண்டு தடவை சோதிப்பேன்.

மே 19, திங்கள்

நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. காலையில் நான் அறையிலேயே படுத்துவிட்டேன். கீழே துணி துவைக்கிற மெஷின் இருக்கிறது, துவைத்துவிட்டு வருகிறோம் என்று இருவரும் ஒரு பை நிறையத் துணியோடு போனார்கள். பத்து மணிக்குப் போனவர்கள் ஒரு மணிவரை வரவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். எந்த நம்பருக்கு?

கீழே இறங்கினேன். வேவு பார்க்க அல்ல, தண்ணீர் பாட்டில் வாங்க. மெஷின் இருக்கும் அறை வழியில்தான் இருந்தது. ஒரு சீனக் கிழவர் மட்டும் தன் சட்டை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வந்தார்கள். துணி மடிப்புக் கலையாமல் இருந்தது, சோப்பு வாசமே இல்லை. வடிவின் கண் சிவந்திருந்தது. மெஷின் புகையாம். துணி துவைக்கும் மெஷினுக்கு ஏது புகை என்று கேட்க வாயெடுத்தேன், நிலா ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினாள். முந்திரிக்கொத்து.

"பக்கத்துல ஒரு தமிழ்க் கடைப்பா."

கடையில் விற்கிற முந்திரிக்கொத்து பல்லை உடைக்கும். இது கடித்ததும் உதிர்ந்தது. வெல்லப்பாகில் சுக்கு ஒரு இழை கூடுதலாக இருந்தது. என் மாமியார் அப்படித்தான் செய்வார்கள். நான் மூன்று தின்றேன். வடிவு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 20, செவ்வாய்

காலையில் காபி கலக்கிக்கொண்டே வடிவு கேட்டாள்.

"எங்க அம்ம செத்தது என்ன கிழமைங்க?"

"வியாழன்."

"ஆமா. வியாழன்தான்."

அவ்வளவுதான். காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஒன்பது வருடம் கழித்து, வெளிநாட்டு ஓட்டல் அறையில், எதற்கு இந்தக் கேள்வி? அம்மாவின் தலைமாட்டில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவள் இவள். கிழமை இவளுக்குத் தெரியாதா?

இன்றைக்கு எங்கும் போகவில்லை. மழை என்று சொல்லிவிட்டேன். தூறல்தான்.

அதே நாள், மாலை

எழுதாமல் விட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மாமியார் கிடந்தபோது என் போனுக்கு மலேசியாவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அறுபதில் தொடங்கும் நம்பர். வடிவிடம் அப்போது போன் கிடையாது. அவள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். யாரோ ஊர்க்காரன் மூலம் என் நம்பரைப் பிடித்திருக்கிறாள் பேச்சி. அம்மாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டாள். அது செவ்வாய்க்கிழமை.

எல்லாம் முடிந்துவிட்டது, இனி வந்து பிரயோஜனமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அவள் வந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வராந்தாவில் இருந்தார்கள். அடிதடி ஆகியிருக்கும். நான் அதைத் தடுத்தேன். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டால் முதலில் என்ன பேசுவார்கள்? அம்மாவைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒருத்தி செவ்வாய் என்பாள், ஒருத்தி வியாழன் என்பாள்.

ஒரு சிம் போதும் என்று நான் சொன்னது சிக்கனத்துக்காக.

மே 21, புதன்

பத்துமலை போகலாம் என்று கிளம்பினோம். முருகனைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பினால் என்ன கேட்பார்கள்? மத்திய ரயில் நிலையத்தில் நல்ல கூட்டம். வண்டி வந்து நின்றதும் கதவு திறந்தது. நான் வழக்கம்போல் முதலில் பாய்ந்து ஏறிவிட்டேன். மூன்று பேர் உட்காரும் இடம் ஒன்று காலி. ஒன்றில் பையை வைத்தேன், ஒன்றில் குடையை வைத்தேன், நடுவில் நான் உட்கார்ந்தேன். "ஏய் வடிவு, இங்கன, இங்கன!" என்று கையாட்டினேன். எத்தனை திருச்செந்தூர் வண்டியில் இப்படி இடம் பிடித்திருக்கிறேன். முன்னால் நின்ற பெரிய பெட்டிக்காரன் நகர்ந்ததும் அவர்கள் கதவருகே வந்தார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது.

விசில் அடிக்க ஆளில்லாத வண்டி. தட்டினேன், கத்தினேன். கண்ணாடிக்கு வெளியே நிலாவின் வாய் அசைந்தது. வண்டி போயே போய்விட்டது.

மூன்று பாஸ்போர்ட்டும் என் இடுப்பில். பணம் முழுக்க என் சட்டைப்பையில். மூவரின் ரயில் டிக்கெட், ஓட்டல் சாவி, வைஃபை சீட்டு, எல்லாம் என்னிடம். போனை எடுத்தேன். நெட் இருக்கிறது, பேச நிமிடம் இருக்கிறது, நாலு கோடு சிக்னல் இருக்கிறது. கூப்பிட ஆள்தான் இல்லை. அவர்கள் இருவரும் என் ஹாட்ஸ்பாட் எட்டாத தூரத்தில், பாஷை தெரியாத ஊரில், கையில் ஒற்றைக் காசு இல்லாமல் நிற்கிறார்கள். பக்கத்தில் உட்கார வந்த அம்மாளுக்காகக் குடையை எடுத்தேன்.

போய்ச் சேராது என்று தெரிந்தும் வடிவின் வாட்ஸப்புக்கு "எங்க இருக்க" என்று அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. அடுத்த நொடியே இரண்டாவது டிக்கும் விழுந்தது.

நெட் இல்லாத போனில் எப்படி விழும்?

அகப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அதே நேரத்தில், அப்பாடா என்றும் இருந்தது. முதலில் வந்தது எது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நிம்மதிதான் முதலில் வந்தது என்று எழுத ஆசை.

போன் அடித்தது. அறுபதில் தொடங்கும் நம்பர்.

"ஏங்க, பதறாதீங்க. அடுத்த ஸ்டேசன்ல இறங்கி அங்கனயே நில்லுங்க. ரயிலுல மாறி ஏறி வேற எங்கயும் போயிராதீங்க."

"இது யாரு போனு வடிவு?"

"என்னோடது."

"எப்ப வாங்குன?"

"வந்த அன்னைக்கே, சிறுவாட்டுக் காச மாத்தி. நில்லுங்க, வாரோம்."

"டிக்கெட்டும் காசும் இல்லாம எப்படி வருவீங்க?"

சொல்லலாமா வேண்டாமா என்று நின்றிருப்பாள். நான் எங்கேயாவது தொலைந்துவிடுவேனோ என்ற பயம் அவளுக்கும் இருந்திருக்கும்.

"பேச்சியக் கூப்பிட்டிருக்கேன். அவ வீட்டுக்காரரு கார் எடுத்துட்டு வாராரு" என்றாள்.

அந்தச் சின்ன ஸ்டேஷனில் ஒரு மணிநேரத்துக்கு மேல் நின்றேன். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே ஓட? கடைசியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது, பின்சீட்டில் வடிவும் நிலாவும். முன்பக்கத்திலிருந்து இறங்கியவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது.

"நல்லா இருக்கியளா அத்தான்?" என்றாள் பேச்சி.

தலையை ஆட்டினேன். அவள் கணவன் ஜெபராஜ் துறைமுகத்தில் வெல்டிங் வேலை பார்க்கிறவன். என் கையிலிருந்த பையை வாங்கிக் காரில் வைத்தான். பத்துமலை போகவில்லை. கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

மீன் குழம்பு, சோறு, அப்பளம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நிலா சித்தி சித்தி என்று இழைந்துகொண்டிருந்தாள், பிறந்ததிலிருந்து பழகியவள்போல. நான் டிக்கெட் இல்லாமல் ஏறியவனாக, எப்போது கேட்பார்களோ என்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மோர் ஊற்றும்போது பேச்சியே தொடங்கினாள். சண்டைக் குரலில் இல்லை.

"நீங்க போன வச்சதும் அன்னைக்கே தலை முழுகிட்டேன் அத்தான். பூவ எடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமையில இருந்து எண்ணி பதினாறாம் நாளு கும்பிட்டேன். எங்க அம்ம அங்க ரெண்டு நாளு மூச்சு விட்டுட்டுக் கிடந்திருக்கா, நான் இங்க அவளுக்குத் தலை முழுகிட்டேன்."

வடிவு தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"வருசா வருசம் அந்த நாளுலதான் விளக்கு ஏத்துதேன். ஒன்பது வருசமும் தப்பான நாளு. அக்கா சொல்லித்தான் முந்தாநாளு தெரியும்."

சுவரில் மாமியாரின் படம் இருந்தது. எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. தோளுக்குப் பக்கத்தில் என் சட்டைக் கை கொஞ்சம் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சொந்தக்காரங்க எல்லாரும் இருந்தாங்க" என்றுதான் வாயில் வந்தது. ஜெபராஜ் எழுந்து கை கழுவப் போய்விட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மே 22, வியாழன்

வடிவு பேசவில்லை. பெட்டி கட்டினாள். என் சட்டைகளை எப்போதும்போல் மடித்து வைத்தாள். என் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க 0.

நிலாவிடம் கேட்டேன், "உன் அம்ம என்ன சொல்லுதா?"

"நீங்களே கேளுங்கப்பா."

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததில் அவர்களுக்குத் தெரியாதது இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. சொன்னால் வடிவு என்னோடு இருப்பாளா என்பதே சந்தேகம்.

மே 23, வெள்ளி. விமான நிலையம்

விமானம் ஏற இன்னும் ஒன்றரை மணிநேரம். நடந்ததை உடனே எழுதுகிறேன்.

சோதனையெல்லாம் முடிந்து உட்கார்ந்ததும் வடிவிடம் சொன்னேன், "பேச்சி நம்பரக் குடு."

"எதுக்கு?"

நான் பயணிகளைப் பார்க்கும் பார்வை அது. தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லணும்."

நம்பரைக் கொடுக்கவில்லை. தன் போனில் தானே போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, போனைக் கையில் பிடித்தபடி என் வாய்க்கு நேராக நீட்டினாள். அவ்வளவுதான் என்மேல் மிச்சமிருக்கும் நம்பிக்கை.

"சொல்லுங்க அத்தான்" என்றாள் பேச்சி. பின்னால் குக்கர் சத்தம்.

"அன்னைக்கு நீ பேசுனப்ப நான் வராந்தாவுல இல்ல பேச்சி. உங்க அம்ம கட்டிலு பக்கத்துலதான் நின்னேன். அவங்க முழிச்சுத்தான் இருந்தாங்க."

வடிவின் கை அசையவில்லை.

"நீ அழுதது போனுக்கு வெளிய கேட்டுச்சு. யாருய்யா அதுன்னு கேட்டாங்க. நான் டிப்போவுலேர்ந்துன்னு சொன்னேன். பொம்பளப் பிள்ள சத்தமால்லா இருக்குன்னாங்க. கிளார்க்குப் பொண்ணுன்னு சொன்னேன். அப்படியான்னு சொல்லிட்டு என் கையில இருந்த போனையே பாத்துட்டுக் கிடந்தாங்க. வச்சதுக்கு அப்புறமும் பாத்தாங்க. மன்னிச்சிரு பேச்சி. நான் செஞ்சது பெரிய பாவம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். குக்கர் சத்தம் நின்றுபோனது, அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"அப்போ அம்மைக்கு என் சத்தம் கேட்டிருக்கா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"நல்லாக் கேட்டுச்சா அத்தான்?"

"நல்லாவே கேட்டுச்சு."

"ஏங்க, இங்க வாங்க" என்று அவள் ஜெபராஜைக் கூப்பிட்டாள். "அம்மைக்கு என் சத்தம் கேட்டிருக்காம். பொம்பளப் பிள்ள சத்தம்னு சொல்லிருக்காவ." பிறகு "அக்கா, அக்கா" என்று மட்டும் கேட்டது.

வடிவு ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து, நாற்காலி வரிசைகளைத் தாண்டி, கண்ணாடிச் சுவர்வரை நடந்துபோய் எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசுகிறாள். முக்கால் மணிநேரம் ஆகிறது. என்ன பேசுகிறார்கள் என்று இங்கிருந்து கேட்கவில்லை. நிலா என் பக்கத்தில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுந்து போகவில்லை.